மலையில் சூடேறாத இன்ஜின்: பழியைக் குளிர் மேல் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, கட்டபெட்டு பக்கம் குடியிருக்கிறேன். கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. என்னுடையது ஒன்பது வருடம் ஓடிய சிறிய டீசல் கார். தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் போவேன், திரும்பி வருவேன், அவ்வளவுதான் ஓட்டம். சில மாதங்களாக டெம்பரேச்சர் முள் 'சி' எழுத்தை விட்டு எழுவதே இல்லை. பள்ளி வாசலில் நிறுத்தும் வரை ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது மட்டும் முள் நடுவுக்கு வருகிறது. இறங்கும்போதோ குஞ்சப்பனை தாண்டுவதற்குள் கீழே விழுந்துவிடுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. (போன கோடையில் கோவையில் வண்டி சூடாகி நின்றுவிட்டது. அங்கே ஒரு பட்டறையில் சரிசெய்து கொடுத்தார்கள்.) இங்குள்ள மெக்கானிக், "மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் டீச்சர்" என்கிறார். அண்ணன் ரேடியேட்டர் முன்னால் அட்டை வைக்கச் சொல்கிறார். காலையில் கால் மணி நேரம் ஸ்டார்ட் செய்து வைத்தும் பலன் இல்லை. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: டீச்சர், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் இரண்டு வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோடையில் சூடாகி நின்ற வண்டியை "சரிசெய்து கொடுத்தார்கள்" என்றால், என்ன செய்தார்கள் என்று கேட்டீர்களா? பல பட்டறைகளில் அதற்கு ஒரே கைவைத்தியம்தான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தின் மூடியை மட்டும் திரும்பப் பூட்டி அனுப்புவார்கள். "அது வெளிநாட்டுக் குளிருக்கு வைத்தது, நம்ம ஊருக்கு எதுக்கு" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும். சமவெளியில் இருப்பவருக்கு இதனால் வரும் நஷ்டம் உடனே தெரியாது. மலையில் இருப்பவருக்கு மறுநாள் காலையிலேயே தெரியும்.

அந்த வால்வு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரை, அதாவது கூலன்டை, ரேடியேட்டருக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதுதான். ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியே இருக்கும். தண்ணீர் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றிச் சுற்றி வரும், ரேடியேட்டர் பக்கம் போகாது. அதனால் சீக்கிரம் சூடேறும். 82 அல்லது 88 டிகிரி வந்ததும் மெழுகு உருகிப் பருத்து ஊசியைத் தள்ளும், வால்வு மெல்லத் திறக்கும். எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்ற எண் பெரும்பாலும் வால்வின் மேலேயே பொறித்திருக்கும். அதன்பிறகு ஏற்றமோ இறக்கமோ, வெயிலோ பனியோ, கொஞ்சம் திறந்தும் கொஞ்சம் மூடியும் வெப்பத்தை ஏறக்குறைய ஒரே அளவில் அது பிடித்து வைக்கும்.

வால்வு இல்லாவிட்டால், அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து முழுத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாகப் போய்க் குளிர்ந்து வரும். கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டு உள்ளே கணப்பு மூட்டுவது போலத்தான்.

"மலைக் குளிருக்கு அப்படித்தான்" என்பதை நான் ஏற்கவில்லை. கோத்தகிரியில் காலை 8 டிகிரி, கோவையில் 22 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எட்ட வேண்டியது 85-க்கு மேல். 14 டிகிரி வித்தியாசத்தால் அது ஓரிரண்டு நிமிடம் தாமதமாகலாம். எட்டு கிலோமீட்டர் ஓடியும் முள் அசையவில்லை என்பதற்கு அது காரணம் ஆகாது. டீசல் இன்ஜின் பெட்ரோலை விட மெதுவாகத்தான் சூடேறும், அது உண்மை. எரிபொருளின் சக்தியை அது வீணாக்குவது குறைவு என்பதால் தண்ணீருக்குப் போகும் வெப்பமும் குறைவு. அப்படியிருந்தும் நல்ல நிலையில் உள்ள சிறிய டீசல் கார், நம் குளிரில் பத்துப் பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல துப்பு, ஏறும்போது எழுந்து இறங்கும்போது விழும் முள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர். அந்த ஏற்றம் முழுக்க இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் முக்கி உழைக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு குளிர்வித்தாலும் மீறிச் சூடு வருகிறது, முள் நடுவுக்கு ஏறுகிறது. இறங்கும்போது கியரில் போட்டுக் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால், இப்போதைய இன்ஜின்களில் டீசலே உள்ளே போகாது. கம்ப்யூட்டர் அதை முழுதாக நிறுத்திவிடும். எரிவது எதுவுமில்லை, ஆனால் தண்ணீர் பம்ப் சுற்றுகிறது, எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்கிறது. வால்வு சரியாக இருந்தால் இந்த நேரத்தில் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் முள் சாலையின் மேடு பள்ளத்தை அப்படியே காட்டுகிறது என்றால், வால்வு வேலை செய்யவில்லை அல்லது அங்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இப்போதைய கார்களில் முள் நேர்மையாக எல்லா டிகிரியையும் காட்டுவதில்லை. 75-லிருந்து 100-க்கு மேல் வரை பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்று. அப்படிப்பட்ட முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் உள்ளே வெப்பம் நிறையவே இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். (முள்ளே இல்லாமல் நீல விளக்கு மட்டும் உள்ள வண்டிக்காரர்களுக்கு: நீல விளக்கு அணைந்தால் முழுச்சூடு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது பாதி வழியிலேயே அணைந்துவிடும்.)

சென்சார் சந்தேகத்துக்கு வருகிறேன். சென்சாரோ ஒயரோ கெட்டிருந்தால் முள் பொய் சொல்லும், ஆனால் ஹீட்டர் பொய் சொல்லாது. முள் கீழே கிடக்க, ஹீட்டரில் கை சுடும் காற்று வந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கு இரண்டுமே குளிர். ஆகவே சென்சாருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆனால் இரண்டும் குளிராக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது ஆபத்தானது. தண்ணீர் குறைந்துபோய் சென்சாரும் ஹீட்டரும் வெற்றுக் காற்றில் நின்றால் இதே அறிகுறிதான் தெரியும். முள் கீழே இருக்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன், நாளைக் காலை வண்டி முழுக் குளிர்ச்சியாக இருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ரிசர்வ் டப்பாவில் மட்டும் பார்த்தால் போதாது. ரேடியேட்டருக்கு மூடி இருந்தால் அதைத் திறந்தும் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைதான், மலையில் அதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கோத்தகிரியில் 94-லும், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 92, 93-லும் கொதித்துவிடும். நம் பக்கம் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம். இன்ஜினின் சாதாரண வெப்பமே 90-க்கு மேல். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. கோவையில் சும்மா இருக்கும் அதே சூட்டில் ஊட்டியில் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்த சோதனையை நீங்களே செய்யலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸில் கை வையுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, முடி எல்லாம் பத்திரம். ஃபேன் எந்த நொடியும் சுற்றலாம். வால்வு நன்றாக இருந்தால் ஹோஸ் பல நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சுடும். முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது இல்லை. சில இன்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் இந்தச் சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும். எது உங்கள் வண்டி என்பதைப் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஸ்கேனர் இருந்தால் பி 0128 என்ற கோடு பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 'எதிர்பார்த்த நேரத்தில் இன்ஜின் சூடேறவில்லை' என்று வண்டியே எழுதி வைக்கும் குறிப்பு அது.

இன்னொரு கைவைத்தியத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள். சூடாகும் வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேனை 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள், சாவி போட்டதும் ஓயாமல் சுற்றும்படி. குளிர்ந்த இன்ஜினில், ஏசி போடாமல், சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடினால் அதையும் பழையபடி மாற்ற வேண்டும்.

வால்வைக் கழற்றிப் பார்க்கும்போது பட்டறைகளில் அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நல்ல சோதனைதான். வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தால், திறக்கும் நொடியில் நூல் நழுவி வால்வு விழும். நம் மலையில் இதில் ஒரு பொறி இருக்கிறது. 88 என்று பொறித்த வால்வு 88-ல் திறக்கத் தொடங்கி, முழுக்கத் திறக்க ஏறத்தாழ 100 டிகிரி கேட்கும். ஊட்டியில் உங்கள் பாத்திரத்துத் தண்ணீர் 93-ஐத் தாண்டவே தாண்டாது. "பாதிதான் திறக்குது, வால்வு போச்சு" என்று நல்ல வால்வைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இங்கே பார்க்க வேண்டியது எப்போது திறக்கத் தொடங்குகிறது, ஆறினால் முழுதாக மூடுகிறதா என்ற இரண்டை மட்டும்தான். சமையல் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள். கூலன்ட் விஷம்.

வால்வு இல்லாமல் இத்தனை மாதம் ஓடியதில் என்ன ஆகியிருக்கும்? இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைப்பதால் டீசலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறைந்தது அதனால்தான். எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும். எரியும்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த இன்ஜினுக்குள் தண்ணீராகப் படிந்து ஆயிலோடு கலக்கும். சூடேறும் இன்ஜினில் அது ஆவியாகிப் போய்விடும், உங்கள் எட்டு கிலோமீட்டரில் போகாது. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவி முகர்ந்து பாருங்கள். மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் ஆயில் கெட்டுவிட்டது. ஆயில் மூடியின் உட்புறம் பழுப்பு வெள்ளையில் பசை ஒட்டியிருந்தால், "ஹெட் கேஸ்கெட் போச்சு", அதாவது கூலன்டையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் அடைப்பு கெட்டு இரண்டும் கலந்துவிட்டது என்று யாராவது உங்களை மிரட்டலாம். கூலன்ட் குறையாமல் இருக்கும்வரை அதை நம்ப வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் மலை வண்டிகளில் அந்தப் பசை சாதாரணம்.

உங்கள் வண்டிக்குப் பொருந்தாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கோளாறை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் சூடு வேண்டும். சூடு வராவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் வால்வின் விலை ஒன்றுமே இல்லை.

அண்ணன் சொன்ன அட்டை வேண்டாம். வால்வு சரியாக இருந்தால் காலைக் குளிரில் ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது, அட்டைக்கு அங்கே வேலை இல்லை. வால்வு இல்லாத வண்டியில் அது கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அட்டை இருப்பதை மறந்து ஒருநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் இன்ஜினையே இழப்பீர்கள். காலையில் கால் மணி நேரம் நிறுத்தி ஓட விடுவதும் வீண். சும்மா நிற்கும் டீசல் இன்ஜின் எரிப்பது மிகக் கொஞ்சம், அதில் சூடு வராது, ஆயிலில் டீசல் இறங்குவதுதான் கூடும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டர் இன்ஜினை அலறவிடாமல் மிதமாக ஓட்டுங்கள். முள் எழத் தொடங்கும்வரை ஹீட்டர் ஃபேனைப் போடாதீர்கள். அது இருக்கும் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். மூடுபனியில் கண்ணாடி மறைத்தால் மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். அப்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போடுங்கள், பார்வைதான் முக்கியம்.

இனி பழுதுக்கு வருவோம். உங்கள் இன்ஜினுக்கு உரிய எண் பொறித்த புதிய வால்வும் புதிய ரப்பர் வளையமும் போட வேண்டும். "82 போட்டால் இன்னும் குளிர்ச்சியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். வால்வில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், சிக்கிய காற்று வெளியேறுவதற்கான வழி அது. தலைகீழாகப் பூட்டிய வால்வைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கூலன்டைச் சரிபாதி கனிமம் நீக்கிய தண்ணீரோடு கலந்து ஊற்றச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றினால் துருவும் உப்பும் படியும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இரவு நிறுத்தினால் அது உறையவும் கூடும். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தேயிலைக்குள்ளோ ஊற்ற விடாதீர்கள். அது தித்திக்கும், நாய்கள் நக்கும், நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

நிரப்பும்போது நம் மலைக்கு ஒரு சௌகரியம் உண்டு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவிட்டு நிரப்பினால் உள்ளே சிக்கிய காற்று தானாக மேலே வந்து வெளியேறிவிடும். காற்று நின்றுவிட்டால் புது வால்வு போட்டும் ஹீட்டர் குளிர்ச்சியாகவே இருக்கும்.

எனக்குக் கவலை தரும் விஷயம் இனிதான் வருகிறது. போன கோடையில் வண்டி ஏன் சூடானது என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வால்வைக் கழற்றியது அந்தக் கோளாறை மூடி மறைத்தது, அவ்வளவுதான். அதையும் முழுதாக மறைத்தது என்று சொல்ல முடியாது. பல இன்ஜின்களில் வால்வின் அடியில் ஒரு தட்டு உண்டு. சூடேறி வால்வு திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பும் பாதையை அது அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பும். அந்த வகை இன்ஜினில் வால்வு இல்லாத வண்டி கோத்தகிரியில் குளிரால் வாடி, மே மாதக் கோவை நெரிசலில் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

ஆகவே வால்வு போடும் அன்றே ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் சரியான சூட்டில் சுற்றுகிறதா, ரேடியேட்டரின் கண்களில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, தண்ணீர் பம்ப் அடியில் ஒழுகிய தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கீழே போய் ஒருமுறை, பகல் வெயிலில், ஏசி இல்லாமல் ஏறி வாருங்கள். முள் நடுவைத் தாண்டினால் ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்து, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் நிற்க விடுங்கள். முள் இறங்கினால் அப்படியே ஆற விடலாம். இறங்காமல் மேலும் ஏறினாலோ சிவப்பு விளக்கு வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அப்படி நடந்தால் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவவோ மாற்றவோ வேண்டியிருக்கும். முள் நடுவிலேயே நின்றபடி கோத்தகிரி வந்து சேர்ந்தால், அந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். வால்வு போடுவதற்கு முன்னால் மாற்றினால் புது ஆயிலிலும் டீசல்தான் இறங்கும்.